உதுமாலெப்பை வெட்டிவிட்ட கேள்விகள்

கையில் கடதாசியோடு யாராவது வாசலுக்கு வந்தால், கிணறு வெட்டும் உதுமாலெப்பை முதலில் அவர்களுடைய செருப்பைத்தான் பார்ப்பார். மணல் ஒட்டாத செருப்பென்றால் ஜீப்பில் வந்து இறங்கிய ஆள் என்று அர்த்தம். ஜீப்பில் வந்த ஆளுக்கு அவர் தன் பெயரைக்கூட முழுசாகச் சொல்லமாட்டார். "லெப்பை" என்பார். கல்முனைக்குடியில் பாதிப்பேர் லெப்பை. எழுதிக்கொண்டு போகட்டும், தேடட்டும்.

அந்தக் குணம் சும்மா வந்ததல்ல. அவருடைய வாப்பா ஒரு காலத்தில் மூன்று ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர். பதிவுக்கென்று வந்த ஒருவர் நீட்டிய தாளில் பெருவிரலை வைத்துக் கொடுத்தார். இரண்டு போகம் போகவில்லை, அந்த வயலில் வேறொருவருடைய ஆட்கள் ஏர் பூட்டி நின்றார்கள். அப்போது உதுமாலெப்பைக்குப் பன்னிரண்டு வயது. வாப்பா பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்திருந்ததை அவர் மறக்கவே இல்லை. பிறகு எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல். கூரையெல்லாம் பறந்துபோன தெருவில் ஆட்கள் வந்து வீடு வீடாக எழுதினார்கள், தகரம் வரும் என்றார்கள். எழுதிய தெருவுக்குத் தகரம் வரவில்லை. எழுதாத தெருவுக்கு வந்தது. எப்படி என்று கேட்கப் போனவர்களிடம், நீங்கள் சொன்ன கணக்குப் பிழை என்றார்கள்.

அதிலிருந்து உதுமாலெப்பை ஒரு முடிவோடு இருந்தார். எழுதுகிறவனுக்கு உண்மை சொல்லக்கூடாது.

எண்பதாம் ஆண்டு பெப்ரவரியில், மாரி மழை ஓய்ந்து கிணறெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நின்ற நாட்களில், அந்தக் கடதாசி அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. கொண்டுவந்தது மூத்த மகள் நதீரா. பெண்கள் பாடசாலையில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

"வாப்பா, நம்மட வளவுல எத்தன பேர் இரிக்கம் எண்டு எழுதணும்."

"ஆருக்கு?"

"ஹப்ஸா டீச்சருக்கு. விஞ்ஞானப் பாடத்துக்கு."

"விஞ்ஞானத்துக்கு நம்மட தலையை என்னத்துக்கு எண்ணுற?"

நதீராவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹப்ஸா டீச்சர் கண்டியில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்ததாகவும், வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்ததாகவும் சொன்னாள். பெட்டிக்குள் ஆசிரியருக்கு ஒரு கைநூல், வீடு வீடாகக் கேட்க வினாத்தாள் ஒரு கட்டு, வேலை முடிந்தபின் பிள்ளைகள் தங்கள் மனதில் பட்டதை எழுதவென்று தனித் தாள் ஒரு கட்டு. படிக்கிற பாடத்தைக் கொண்டே ஊருக்கு ஒரு உதவி செய்ய வேண்டும், அந்த உதவியிலிருந்து திரும்பவும் பாடம் படிக்க வேண்டும் என்பது பெட்டியின் நோக்கமாம். இவர்களுக்கு வந்த பாடம் தண்ணீர். அதனால் கிணறு.

கிணறு என்ற சொல் காதில் விழுந்ததும் உதுமாலெப்பை கையை நீட்டித் தாளை வாங்கினார். அச்செழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார். பதினாறு கேள்விகள். குடும்பத் தலைவர் பெயர். வீட்டில் எத்தனை பேர். யார் யார் உழைக்கிறார்கள். சென்ற மாதம் யாருக்காவது வயிற்றோட்டம் வந்ததா. கிணற்றுக்கும் கக்கூசுக்கும் எத்தனை அடி.

கடைசிக் கேள்வியில் விரல் கொஞ்சநேரம் நின்றது. பிறகு தாளை நாலாக மடித்தார்.

"இது கிணத்துக்கில்ல. இது முத்திரைக்கு."

அரிசியும் மாவும் வாங்க அரசாங்கம் கொடுக்கும் உணவு முத்திரை வந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மட்டும் என்று சட்டம். ஆகவே தெருவில் எல்லோரும் யாரோ ஒருவன் வந்து முத்திரையை வெட்டப்போகிறான் என்ற பயத்திலேயே இருந்தார்கள். பள்ளிப்பிள்ளைகளை விட்டு நோட்டம் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? கெட்டிக்காரத்தனமான வேலை. அன்று அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போதே அவர் கதையைத் தொடங்கிவிட்டார். தேத்தண்ணிக் கடை நடத்தும் கலந்தர் அதை இன்னும் கொஞ்சம் பெருப்பித்தார். முத்திரை மட்டுமில்லையாம், பிள்ளை பெறாமல் ஊசி போடுகிறவர்களின் பெட்டியாம் அது. மஃரிபுக்குள் கடற்கரைத் தெருவரைக்கும் போய்விட்டது.

"வாற புள்ளையளைத் துரத்தவேணாம். பாவம், அதுகள் என்ன செய்யும்" என்று உதுமாலெப்பை சொல்லிக்கொடுத்தார். "மரியாதையா இரிக்கச் செல்லி, பொய்யைச் செல்லி அனுப்புங்க."

அப்படியே நடந்தது. பெண்பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக நாற்பத்திரண்டு வீடு ஏறி இறங்கினார்கள். எல்லா வீட்டிலும் நல்ல வரவேற்பு, சில வீட்டில் பலகாரம்கூடக் கிடைத்தது. வகுப்பில் தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது, நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒருவருக்குக்கூட வயிற்றோட்டம் வரவில்லை. எல்லா வீட்டிலும் கிணற்றுக்கும் கக்கூசுக்கும் ஐம்பதடி. சுகாதார இலாகா சொல்லுகிற அதே ஐம்பது. வளவுகளோ எந்தப் பக்கம் அளந்தாலும் முப்பது அடியைத் தாண்டாது.

பிள்ளைகள் சிரித்தார்கள். நதீரா சிரிக்கவில்லை. மனதில் பட்டதை எழுதும் தாளில் அவள் இரண்டு வரி எழுதினாள். "இந்தத் தாள்களில் உள்ளதெல்லாம் பொய். பொய் சொல்லச் சொன்னது என் வாப்பா, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை."

அந்த வெள்ளிக்கிழமை ஹப்ஸா டீச்சர் உதுமாலெப்பையின் வீட்டுக்கு நடந்தே வந்தார். செருப்பு முழுக்க மணல். முப்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, வெயிலில் முகம் சிவந்திருந்தது. உதுமாலெப்பையின் மனைவி பாத்துமுத்து பாய் விரித்தாள். டீச்சர் உட்கார்ந்ததும் நதீராவின் தாளை எடுத்துக் காட்டினார். பிறகு, அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் கதைத்தார்.

"காக்கா, நான் சண்டைக்கு வரல்ல. ஒரு உதவிக்கு வந்தன். இந்தத் தாள்ல எந்தக் கேள்வியைக் கண்டா ஒங்களுக்குப் பொய் செல்லத் தோணுதோ, அதை வெட்டி விடுங்க."

ஒரு சிவப்புப் பென்சிலை வைத்தார். கைநூலையும் வைத்தார்.

"நான் வெட்டினா நீங்க என்ன செய்வீங்க?"

"வெட்டின கேள்வியைக் கேக்கமாட்டம்."

"அப்ப ஒங்கட மேலிடம்?"

"எனக்கு மேலிடம் அதிபர். அவருக்குப் பாடசாலைக் கிணறு உப்பாப் போனது மட்டும்தான் கவலை."

டீச்சர் போனபின் உதுமாலெப்பை பென்சிலைத் தொடவில்லை. சிவப்புப் பென்சிலை ஏன் தந்தாள்? வெட்டிய அடையாளம் யாருடையது என்று காட்டத்தானே? நதீராவுடனும் அவர் கதைக்கவில்லை. மகள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்ற கோபம் ஒருபக்கம். அவள் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பது அதைவிடப் பெரிய எரிச்சல். மூன்று நாள் கைநூல் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. நாலாம் நாள் எடுத்தார், குற்றம் பிடிக்கத்தான்.

விரல் வைத்து வாசித்துக்கொண்டு போனபோது ஒன்பதாம் பக்கத்தில் ஒரு இடம் வந்தது. ஒரு வீட்டாரிடம் கேள்வி கேட்கப் போகுமுன், அந்தப் பதிலால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று மாணவியால் சொல்ல முடிகிறதா பாருங்கள், முடியாவிட்டால் அந்தக் கேள்வி வேண்டாம் என்று எழுதியிருந்தது. உதுமாலெப்பை அந்த இடத்தை இரண்டுமுறை வாசித்தார். பெட்டிக்குள் நல்லதாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், எழுதியவர்களே அதைப் பார்க்காமல் வினாத்தாள் போட்டிருக்கிறார்கள். அவருக்கு முதன்முதலாக அந்தப் பெட்டிமீது கொஞ்சம் இரக்கம் வந்தது.

பென்சிலை எடுத்தார். பெயரை வெட்டினார். ஆட்களின் எண்ணிக்கையை வெட்டினார். உழைப்பை இரண்டு தரம் வெட்டினார். கடைசிக் கேள்வி வந்தபோது, கிணற்றுக்கும் கக்கூசுக்கும் எத்தனை அடி என்பதையும் வெட்டிவிட்டார்.

பாடசாலை வாசலில் வைத்து டீச்சரிடம் தாளைக் கொடுத்தார். டீச்சர் ஒவ்வொரு வெட்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்து, கடைசி வெட்டில் நிறுத்தினார்.

"இது ஆளைப் பற்றின கேள்வியில்லயே காக்கா. நிலத்தைப் பற்றினதுதானே. இதுல என்ன பயம்?"

"அது வேணாம்."

"ஏன்?"

"வேணாமெண்டா வேணாம்."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அந்தப் பார்வையில் சந்தேகம் இருக்கவில்லை. அன்று வந்தது. உதுமாலெப்பைக்கு அது விளங்கியது, அவருக்குப் பழக்கமான சாமான்தானே.

உள்ள கதை இதுதான். பாத்துமுத்துவின் உம்மாவுக்கு நாலு பெண்பிள்ளைகள். ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நாலாகியது. நாலு துண்டிலும் நாலு வீடு, நாலு கிணறு, நாலு கக்கூசு. தெரு முழுக்க அப்படித்தான். புயலுக்குப் பின் எல்லாம் இடிந்து மண்மூடிக் கிடந்தபோது, கிணறும் கக்கூசுக் குழியும் திரும்ப வெட்டிக் கொடுத்தது உதுமாலெப்பை. அவசரம், அவசரம் என்று எல்லோரும் பறந்தார்கள். இடமில்லை. பத்தடியில் ஒரு குழி, பன்னிரண்டடியில் ஒரு கிணறு. கிட்டத்தில் வெட்டினால் கூடாது என்று அவருக்குத் தெரியும், இருபது வருடத் தொழில். மணல் வடிகட்டும் என்று வீட்டுக்காரருக்குச் சொன்னார். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார். அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் எழுதப்பட்டால் எல்லா விரலும் தன்பக்கம் திரும்பும் என்பது வினாத்தாளைக் கண்ட முதல் நாளே அவருக்குத் தெரிந்திருந்தது. முத்திரைப் பயம் மெய்தான். ஆனால் அது மட்டுமல்ல.

அடுத்த கிழமை பாத்துமுத்துவின் கடைசித் தங்கை சுஹறாவின் சின்ன மகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. நாலு வயது. முதல் நாள் மாதுளை ஓடு அவித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பிள்ளைக்குக் கண் உள்ளே போய், அழக் கண்ணீர் வரவில்லை. உதுமாலெப்பைதான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கையில் கிடந்த பிள்ளைக்குப் பாரமே இருக்கவில்லை. பிள்ளைகளுக்கான வாட்டில் அதே தெருப் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் படுத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு வீட்டில் ஒருவருக்கும் நோயில்லை என்று எழுதிக் கொடுத்த தெரு.

சேலைன் ஏற்றிக்கொண்டிருந்த தாதி கேட்டாள், "எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிற?"

சுஹறா கிணற்றைச் சொன்னாள். தாதி அடுத்த கேள்வி கேட்குமுன் உதுமாலெப்பை வெளியே போய்விட்டார். சுஹறாவின் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்று அவருக்கு அளக்காமலே தெரியும். பதினொன்று.

ஐந்தாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறதென்று பாண் கேட்டது. அன்றே உதுமாலெப்பை பாடசாலைக்குப் போனார்.

"டீச்சர், அந்தக் கடைசிக் கேள்வியைத் திரும்பப் போடுங்க. ஆனா கேக்கவேணாம். கேட்டா ஐம்பது எண்டுதான் செல்லுவாங்க. கயிறு பிடிச்சு அளங்க."

"வளவுக்குள்ள அளக்க விடுவாங்களா?"

"நான் வாறன். பேரு எழுதக்கூடாது. அளந்த கடதாசி அந்த வீட்டிலேயே இரிக்கணும், நீங்க கொண்டுபோகக்கூடாது. ஒங்களுக்கு வேணுமெண்டா தெருப்படத்துல ஒரு புள்ளி வையுங்க."

ஹப்ஸா டீச்சர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. "நீங்கதானே இதை வெட்டினீங்க?" என்று கேட்டார். உதுமாலெப்பை சிவப்புப் பென்சிலை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு ஓம் என்றார்.

முதலில் அளந்தது அவருடைய மனைவியின் வளவு. நதீரா கயிற்றின் ஒரு முனையைக் கிணற்றுக் கட்டில் பிடித்தாள், இன்னொரு பெண் மறுமுனையோடு போனாள். வேலிக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். சுஹறாவும் நின்றாள். பன்னிரண்டு அடி என்று நதீரா வாசித்தாள்.

"ஆர் இப்பிடி வெட்டின?" என்று யாரோ கேட்டார். தெரியாதவன் போலக் கேட்ட கேள்வி.

"நான்தான்" என்றார் உதுமாலெப்பை. "இங்கயும் நான்தான். ஒங்கட வளவுலயும் நான்தான். கிட்ட வெட்டினாக் கூடாதெண்டு தெரிஞ்சுதான் வெட்டினன்."

தேத்தண்ணிக் கடைக் கலந்தர் முன்னுக்கு வந்தார். "பொய் செல்லுங்க எண்டு வீடு வீடாச் செல்லித் திரிஞ்சது நீ. இப்ப ஒன்ட புள்ளையக் கொண்டே அளக்கிறாய். எந்தப் பக்கத்துக்கு வேல செய்யிறாய் நீ?"

அது நியாயமான கேள்விதான். உதுமாலெப்பை குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். சுஹறா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று நாலு வீட்டில்தான் அளக்க விட்டார்கள். சிலர் வேலிப் படலையைத் திறக்க முடியாமல் கட்டிவிட்டார்கள். ஆனால் கடதாசி வீட்டிலேயே இருக்கும், பெயர் இல்லை என்ற செய்தி மெல்லப் பரவியது. ஒருத்தி தன் கடதாசியை மடித்துக் குர்ஆன் வைக்கும் தட்டில் பத்திரப்படுத்தினாள். இன்னொருத்தி அதை எடுத்துக்கொண்டு தானே பாடசாலைக்கு வந்து, "பதினாலடி எண்டா என்ன செய்யணும்?" என்று கேட்டாள். ஒன்றரை மாதத்தில் முப்பத்தேழு வீட்டின் புள்ளிகள் தெருப்படத்தில் ஏறின. நோய் வந்த வீட்டுக்குச் சிவப்பு, வராத வீட்டுக்குப் பச்சை. கிணறும் குழியும் கிட்டக் கிட்ட இருந்த வளவுகளில்தான் சிவப்பு நெருங்கிக் கிடந்தது என்று காண விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் பிள்ளைகள் படித்தார்கள். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடும், மாரியில் ஏன் மோசம், தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்று எழுதி, அளந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்ச் சொன்னார்கள்.

இடையில் கண்டியில் பெட்டியைக் கொடுத்துவிட்டவர்களின் ஆள் ஒருவர் வந்தார். நிரப்பிய வினாத்தாள்களைக் கேட்டார். ஹப்ஸா டீச்சர் தெருப்படத்தைக் காட்டினார். வந்தவர் திருப்தியில்லாமல், "வீட்டுக்காரரின் விபரம் இல்லாமல் நான் என்ன கொண்டுபோவது?" என்றார். வாசலில் நின்ற உதுமாலெப்பை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கேயோ ஒரு மேசைக்குள் அந்த நாற்பத்திரண்டு பொய்த்தாள்களும் இன்னும் இருக்கின்றன, டீச்சர் அதையாவது எடுத்து நீட்டுவார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் நீட்டவில்லை. வந்தவர் போய்விட்டார். அடுத்த வருடம் பெட்டி வரவில்லை.

ஆனால் வேலை நின்றுவிடவில்லை. கோடை வந்து தண்ணீர் இறங்கியதும் உதுமாலெப்பை நாலு சகோதரிகளின் வளவில் தொடங்கினார். மூன்று கிணற்றை மூடி, மேட்டுப்பக்கம் இருந்த ஒன்றை ஆழமாக்கி, சீமெந்து வளையங்களின் பொருத்துகளைத் தண்ணீர் கசியாமல் பூசி, கக்கூசுக் குழிகளை வளவின் மறுகரைக்குத் தள்ளினார். அங்கேயும் ஐம்பதடி வரவில்லை, முப்பத்தெட்டுதான் வந்தது. நாலு வீடு ஒரே கிணற்றில் அள்ளினால் சண்டை வரும் என்று பாத்துமுத்து சொன்னாள், சொன்னபடியே வந்தது. வாளிக்கும் முறைக்கும் தினமும் சண்டை. இரண்டு கோடையில் தெருவில் பதின்மூன்று வளவு திருந்தியது. மற்றவை அப்படியே இருந்தன.

ஹப்ஸா டீச்சர் கேள்விகளை ஐந்தாகச் சுருக்கி, அளக்கும் முறையையும், கடதாசி வீட்டாருக்கே சொந்தம் என்ற விதியையும் ஸ்டென்சில் வெட்டி ரோணியோ இயந்திரத்தில் படியெடுத்தார். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பாடசாலை கேட்டு வாங்கியது. தயாரித்தவர்கள் என்று உதுமாலெப்பையின் பெயரைப் போடட்டுமா என்று டீச்சர் கேட்டனுப்பினார். "போடவேணாம்" என்று மறுமொழி வந்தது. "நாளைக்கு ஆரும் வந்து கேட்டா?"

எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து மீனாம்பிகை என்ற ஆசிரியை அவரைத் தேடி வந்தார். அந்த ஸ்டென்சில் தாள் கையில் இருந்தது. தங்கள் பிள்ளைகளும் கயிறோடு போகிறார்களாம், ஆனால் கிணற்றுப் பொருத்துக் கசிகிறதா என்று பார்க்கத் தெரியவில்லையாம்.

"என்ட பேரை ஆர் ஒங்களுக்குச் செல்லின?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கிணறு தெரிஞ்ச ஒராள்தான் இதை எழுதியிருக்கவேணும் எண்டு நினைச்சன். விசாரிச்சுக்கொண்டு வந்தனான்."

உதுமாலெப்பை அவரைக் கால்மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் கூடப் போனார். பாண்டிருப்பில் நாலு சனிக்கிழமை போய் வந்தார். எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கவில்லை.

நதீரா ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவானாள். மகள் அந்த இரண்டு வரியை எழுதியதைப் பற்றி அவர் அவளிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. பயிற்சிக்குப் போகிற அன்று பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "அங்க என்னத்துல கையெழுத்து வைக்கச் செல்லினாலும் முழுசா வாசிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

சுஹறா ஆறு வருடம் அவருடன் கதைக்கவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு. அவர் கிணற்றடிக்கு வந்தால் அவள் வாளியை வைத்துவிட்டு விலகி நிற்பாள். பெருநாளைக்குப் பலகாரம் பாத்துமுத்துவின் கையில்தான் கொடுப்பாள். உதுமாலெப்பை அதைக் குறையாக யாரிடமும் சொன்னதில்லை.

எண்பத்தாறில் அவளுடைய மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி, தெருக்கோடியில் வாங்கிய துண்டு நிலத்தில் வீடு எழும்பியது. கிணற்றுக்கு ஆள் வேண்டும். ஊரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனாலும் ஒரு காலை சுஹறா அவர் வாசலுக்கு வந்து நின்றாள்.

"மச்சான், கிணறு வெட்டணும்."

"வாறன்."

"நான் பக்கத்துல நிப்பன்."

"நில்லு."

அவர் நாடாவைப் பிடித்து அளந்து, குழிக்கான இடத்தில் ஒரு கம்பை ஊன்றினார். ஐம்பத்திரண்டு அடி என்று சொன்னார். சுஹறா அவர் கையிலிருந்து நாடாவை வாங்கினாள். தன் மகளை ஒரு முனையில் பிடிக்கச் சொல்லி, தானே மறுமுனையோடு மணலில் நடந்து, கம்படியில் குந்தி, எண்ணைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். திரும்பவும் ஒருதரம் அளந்தாள். உதுமாலெப்பை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் முடிக்கும்வரைக்கும் பொறுத்து நின்றார்.

"சரி" என்றாள் சுஹறா. "வெட்டுங்க."